வைடால் பாசிட்டிவ், ஊசிக்கும் அடங்காத காய்ச்சல்: அந்தக் கறுப்புப் பொருக்கை டாக்டரிடம் காட்டுங்கள்

கேள்வி: போளூர் பக்கம் கிராமம். அம்மாவுக்கு 54 வயது, சர்க்கரை உண்டு. வேர்க்கடலை பிடுங்கப் போனார், ஆட்டுக்குப் புல் அறுத்தார். ஒன்பது நாளாகக் காய்ச்சல், தலைவலி. டைபாய்டுக்கு எடுக்கும் வைடால் ரத்த டெஸ்ட் பாசிட்டிவ், டைபாய்டு என்று ஐந்து நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். காய்ச்சல் நிற்கவில்லை. பிளேட்லெட் 90 ஆயிரம். குளிக்க வைக்கும்போது மார்புக்குக் கீழே கறுப்பாக ஒரு பொருக்கைப் பார்த்தேன், வலியில்லை என்கிறார். உண்ணி கடித்திருந்தால் லைம் நோயாக இருக்கும் என்கிறார் அமெரிக்காவில் இருக்கும் அண்ணன். லேப்காரர் லைமும் சேர்ந்த ஒரு பேக்கேஜ் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு, அம்மாவை இன்றே டாக்டரிடம் அழைத்துப் போய் அந்தப் பொருக்கைக் காட்டுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது ஸ்க்ரப் டைபஸ், நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்பார்களே அதுதான். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மழைக்காலம் தொடங்கிப் பனிக்காலம் முடியும்வரை இது வராத ஆண்டே இல்லை.

அண்ணனைக் குறை சொல்லவில்லை. அவர் இருக்கும் நாட்டில் உண்ணிக்கடி என்றதும் லைம் நினைவுக்கு வருவது சரிதான். ஆனால் லைமில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் நாளுக்கு நாள் அகலும், கறுப்புப் பொருக்கு தட்டாது. நம் பக்கத்தில் அது மிக அபூர்வம். அபூர்வமான நோய்க்கு டெஸ்ட் எடுத்தால் பொய்யான பாசிட்டிவ் வருவதற்கே வாய்ப்பு அதிகம். பிறகு அதன் பின்னால் ஓடுவீர்கள். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பவர் நீட்டும் பேக்கேஜில் பத்து டெஸ்ட் இருக்கும், அம்மாவுக்கு வேண்டிய ஒன்று மட்டும் இருக்காது. எத்தனை டெஸ்ட் சேர்க்கிறாரோ அத்தனைக்கும் கமிஷன் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

உண்ணிக் காய்ச்சல் என்று பெயர் இருந்தாலும், ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது ஆட்டிலும் நாயிலும் ஒட்டியிருக்கும் உண்ணி இல்லை. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சியின் குஞ்சு. அதனால் ஆட்டுக்கு மருந்தடித்து இதைத் தடுக்க முடியாது. கடித்து ஆறு முதல் இருபத்தொரு நாளுக்குள் காய்ச்சல் வரும். கடித்த இடம் பீடியால் சுட்டதுபோலக் கறுத்து, ஓரம் சிவந்து நிற்கும். வலிக்காது, அரிக்காது, ஆகவே யாரும் கவனிப்பதில்லை. அக்குள், மார்பின் அடி, தொடை இடுக்கு, பாவாடை நாடா கட்டும் இடம், தொப்புள், காதின் பின்புறம் எல்லாம் பார்க்க வேண்டும். வெளிநோயாளிக் கூட்டத்தில் ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைக்கிற இடத்தில், சேலை கட்டிய பெண்ணைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய்ப் பார்ப்பவர் எத்தனை பேர்? ஒரு பைசா செலவில்லாத இந்தப் பரிசோதனையை விட்டுவிட்டு வைடாலுக்கு எழுதுகிறார்கள்.

அந்த வைடால்தான் இங்கே பெரிய வில்லங்கம். என்றோ வந்துபோன டைபாய்டு, போட்ட தடுப்பூசி, வேறொரு காய்ச்சல் எதுவும் அதைப் பாசிட்டிவ் ஆக்கும். டைபாய்டை உறுதி செய்ய ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே, ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் எடுத்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. செஃப்ட்ரியாக்சோன் ஸ்க்ரப் டைபஸ் கிருமியை ஒன்றும் செய்யாது, இன்னும் ஐந்து நாள் போட்டாலும் இதே கதைதான். பிளேட்லெட் குறைந்ததால் டெங்கு என்பார்கள். ஒன்பதாம் நாளிலும் காய்ச்சல் கொதித்தால் அது டெங்குவின் போக்கு இல்லை.

கேட்க வேண்டிய டெஸ்ட் ஸ்க்ரப் டைபஸ் ஐஜிஎம் எலைசா, இந்தக் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் தேடுவது. முதல் ஐந்தாறு நாளில் அது நெகட்டிவ் காட்டலாம். ஒன்பதாம் நாள் என்பதால் அம்மாவுக்கு இப்போது நம்பிப் பார்க்கலாம். வெய்ல் ஃபெலிக்ஸ் என்ற பழைய டெஸ்டை எடுத்து நெகட்டிவ் என்றால் அதைப் பொருட்படுத்தாதீர்கள். பல பேரின் நோயை அது தவறவிடும். எலைசா ரிசல்ட்டுக்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம், போதிய சாம்பிள் சேரட்டும் என்று லேப்கள் காத்திருக்கும். ரிசல்ட் வரும்வரை மருந்து கிடையாது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பொருக்கு இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது. மருந்து தொடங்க இது போதும்.

மருந்து டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள். சில ரூபாய் மாத்திரை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். பால், இரும்புச்சத்து மாத்திரை, அசிடிட்டி மருந்து மூன்றையும் இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். இறங்கியதும் நிறுத்திவிடாதீர்கள். மூன்று நாளாகியும் இறங்கவில்லை என்றால் டாக்டர் வேறு நோயைத் தேட வேண்டும். இதற்கிடையில் ‘கலவை ஊசி’ போட விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சல் தணிந்ததுபோலக் காட்டும், சர்க்கரை எகிறும்.

அம்மாவின் பிரச்சினை இல்லை என்றாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதே வேர்க்கடலைக் கொல்லைக்கு வீட்டுப் பெண்கள் எல்லோரும்தான் போகிறார்கள். கர்ப்பிணிக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் தினம் ஒன்று, ஐந்து நாள். டாக்சிசைக்ளின் கர்ப்பத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு எதையும் கொடுக்காமல் காத்திருப்பது பெரிய தவறு. சிகிச்சை இல்லாத ஸ்க்ரப் டைபஸில் கரு கலையும், தாய்க்கும் ஆபத்து. பாராசிட்டமால் மட்டும் கொடுத்துத் திருப்பி அனுப்பினால், “ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா, அசித்ரோமைசின் கொடுக்கலாமா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். அங்கேயே பதில் கிடைக்காவிட்டால் அதே நாளில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

அம்மாவுக்கு மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல் போனாலோ, ஆக்சிஜன் 94க்குக் கீழே வந்தாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ மாத்திரையோடு வீட்டில் வைத்திருக்கக் கூடாது. நுரையீரல், சிறுநீரகம், மூளை எதையும் இது தாக்கும். அந்த நிலையில் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே ஏற்றுவது, ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிடப் பலன் தருகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. அது எங்கோ ஒரு நாட்டு ஆய்வு இல்லை, நம் நோயாளிகளை வைத்தே செய்தது.

குணமான பிறகு யாராவது வைடாலைத் திரும்ப எடுத்து, ‘டைபாய்டு இன்னும் ரத்தத்தில் இருக்கிறது’ என்று மறுபடி ஊசி எழுதினால் போட்டுக்கொள்ளாதீர்கள். காய்ச்சல் இல்லாதவருக்கு வைடால் எடுக்கவே வேண்டியதில்லை.