பிரசவ ஊசியை முன்கூட்டியே வாங்கி வைக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு முதல் பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போனது. அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம். விலை கூடிய புது ஊசி ஒன்று இருக்கிறதாம், தெரிந்தவர் மூலம் வாங்கி வைக்கலாமா?

வேண்டாம்மா. அந்தத் தெரிந்தவரை முதலில் ஒதுக்குங்கள்.

குழந்தை பிறந்ததும் கர்ப்பப்பை இறுகிச் சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால்தான் ரத்தம் கொட்டும். அதைச் சுருங்க வைப்பது ஆக்ஸிடோசின் ஊசி, 10 யூனிட். இங்கே பெரும்பாலும் 5 யூனிட் ஆம்பூலாக வரும், இரண்டு உடைத்துப் போடுவார்கள். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் போட்டுவிட வேண்டும். அரசு மருத்துவமனையில் இதற்குக் காசு கிடையாது.

இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். வண்டிப் பெட்டியில் வெயிலில் வந்து, வீட்டு பீரோவில் ஒரு மாதம் கிடந்த ஆம்பூலும் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும், வீரியம் இருக்காது. மாட்டுக்குப் பால் கறக்கப் போடுகிறார்கள் என்று 2018-இல் தனியார் தயாரிப்புக்கே தடை போட்ட அரசு, ஃப்ரிட்ஜுக்கு இத்தனை அக்கறை காட்டியதில்லை. (அந்தத் தடையை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.)

நீங்கள் கேள்விப்பட்டது வெப்பம் தாங்கும் கார்பெட்டோசினாக இருக்கும். பத்து நாடுகளில் ஏறக்குறைய 30,000 பெண்களிடம் சோதித்ததில், ஆக்ஸிடோசினுக்குச் சமமாக வேலை செய்தது. சமம்தான், மேலில்லை. ஃப்ரிட்ஜ் ஒழுங்காக ஓடும் இடத்தில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இன்னொன்று. வலி சீக்கிரம் வரட்டும் என்று வீட்டுக்கு வந்து இதே ஆக்ஸிடோசின் ஊசியைக் குழந்தை பிறக்கும் முன்பே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பப்பை கிழிந்துவிடக்கூடும். வலிக்கு மருந்து தேவைப்பட்டால் மருத்துவமனையில் டிரிப்பில், சொட்டு எண்ணித்தான் ஏற்ற வேண்டும்.

மகளுக்கு பி.பி. உண்டா? நீங்கள் எழுதவில்லை. இருந்தால், கர்ப்பப்பையைச் சுருக்கும் இன்னொரு மருந்தான மெதர்ஜின் ஊசி கூடாது, பி.பி. எகிறிவிடும். அட்டையில் எழுதியிருக்கிறதே என்று இருக்காதீர்கள். ஷிஃப்ட் மாறும்போது அட்டையை யார் புரட்டுகிறார்கள்? பிரசவ அறைக்குள் போகும்போது சொல்லுங்கள், நர்ஸ் மாறினால் மறுபடி சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ஊசிக்கு எடுத்து வைத்த பணத்தை வண்டிச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்பு ரத்தம் போனவர் என்பதால், ரத்த வங்கியும் ஆபரேஷன் வசதியும் உள்ள மருத்துவமனையில்தான் பிரசவம் நடக்க வேண்டும். ஹீமோகுளோபினை இந்த வாரமே பாருங்கள்.

ஊசி போட்டும் ரத்தம் நிற்காவிட்டால், உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தை ஏற்றுவார்கள். பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் ஏற்றினால்தான் பலன். துணி சீக்கிரம் சீக்கிரம் நனைந்தால் டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே நர்ஸைக் கூப்பிட்டுத் துணியைக் காட்டுங்கள்.