இப்போது புழங்கும் நாணயங்களைச் சேர்த்து வைத்தால் பிற்காலத்தில் நல்ல விலை போகுமா?

பத்து ரூபாய், இருபது ரூபாய் நாணயங்களை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டே வருகிறேன், முப்பது வருடம் கழித்து மகளுக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் உதவாது. ஆனால் எல்லாமே வீண் என்றும் சொல்ல மாட்டேன், எதை வைக்கிறீர்கள், எப்படி வைக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாகச் சேர்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் அப்பா ஒரு மாத்திரை டப்பாவில் காந்தி காசு பதினொன்று வைத்திருந்தார். 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த மஞ்சள் நிற 20 பைசா, 1869-1948 என்று போட்டிருக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பின்னாளில் பெரிய விலை போகும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அவர் போன பிறகு சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சிக்கு அதை எடுத்துப் போனேன். கடைக்காரர் பேசாமல் பக்கத்துத் தட்டைக் காட்டினார், அதில் அதே காசு நூறாவது இருக்கும். ஒன்றுக்கு ஒரு டீ, வடை காசுதான் தேறும் என்றார். அதிலும் அப்பாவுடையது எல்லாம் பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்த்தது, பளபளப்பாக இருந்தாலும் மேற்பரப்பு போய்விட்டது, சேகரிப்பவர் யாரும் அதைத் தொட மாட்டார். எனக்கு அன்று ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அப்பா செய்ததில் தவறு ஒன்றும் இல்லை, நாடு முழுக்க எல்லா அப்பாக்களும் அதையே செய்தார்கள், அவ்வளவுதான். எல்லோரும் எடுத்து வைத்த காசு எத்தனை வருடம் போனாலும் கிடைத்துக்கொண்டே இருக்கும். அமெரிக்காவிலும் இது நடந்திருக்கிறது. 1950இல் டென்வர் நாணய ஆலை 5 சென்ட் நாணயத்தை வெறும் 26 லட்சத்துச் சொச்சம்தான் அடித்தது. செய்தி பரவியதும் ஆளாளுக்குக் கட்டுக்கட்டாகப் பதுக்கினார்கள், 1960களின் தொடக்கத்தில் விலை எங்கேயோ போய், அப்புறம் சரிந்தது. இன்றைக்கும் அது புத்தம் புதிதாகச் சுலபமாகக் கிடைக்கிறது, தேய்ந்ததைத்தான் தேட வேண்டும். இதற்கு நேர் எதிர் பிரிட்டனில் கியூ கார்டன்ஸ் என்ற தாவரவியல் பூங்காவுக்காக 2009இல் வந்த 50 பென்ஸ் நாணயம். 2 லட்சத்து 10 ஆயிரம்தான் அடித்தார்கள், வந்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை, சாதாரணமாகச் செலவு செய்துவிட்டார்கள். சில வருடங்கள் கழித்து எண்ணிக்கை வெளியே தெரிந்த பிறகு முகமதிப்பைப் போல நூறு மடங்குக்கு மேல் கொடுத்து வாங்குகிறார்கள்.

அதனால் நம் ஊரில் இப்போது யாரும் கண்டுகொள்ளாதது எது என்று பாருங்கள். பத்து ரூபாய் இல்லை. தமிழ்நாட்டில் பல ஊர்களில் வருடக்கணக்காகக் கடையிலும் பஸ்ஸிலும் அதை வாங்கவே மாட்டார்கள், காசில் இருக்கும் கோடு பத்தா பதினைந்தா என்று எண்ணிப் பார்த்துப் போலி என்பார்கள். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே 14 வடிவங்களும் செல்லும் என்று சொல்ல வேண்டி வந்தது. இப்படி வீட்டில் தூங்கிய பத்து ரூபாய் தேயாமல் ஏராளமாக இருக்கிறது.

நான் தேடுவது வேறு. 1992இலிருந்து வந்த பதினொரு பக்க 2 ரூபாய், அதே வருடம் தொடங்கிய 9 கிராம் கனமான 5 ரூபாய், இரண்டுமே செம்பு நிக்கல் கலவை. அந்த 5 ரூபாயை பிளேடு செய்ய எல்லை தாண்டிக் கடத்துவதாகச் செய்திகள் வந்தன, அப்படி உருக்கியது திரும்பி வராது. அப்புறம் 2008இல் வந்த, மடக்கிய கை போட்ட ஸ்டீல் 50 பைசா. இன்றும் சட்டப்படி செல்லும், ஆனால் கடையில் வாங்க மாட்டார்கள், உண்டியலிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் கிடக்கிறது. தேயாத ஒன்று கையில் வந்தால் விடாதீர்கள்.

காசில் வருடத்துக்குக் கீழே பாருங்கள், எந்த ஆலையில் அடித்தது என்று தெரியும். சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே வருடத்துக் காசு ஒரு ஆலையில் குவியலாக அடித்திருப்பார்கள், இன்னொன்றில் கொஞ்சமாக. 1997, 98 ஒரு ரூபாயில் மெக்சிகோ, ஸ்லோவாக்கியா, தென்னாப்பிரிக்கா ஆலைகளின் முத்திரைகள்கூட உண்டு. இதைக் கவனித்துச் சேர்ப்பவர் இன்று குறைவு, எனக்கு நம்பிக்கை இருப்பது இதில்தான்.

நினைவு நாணயங்கள் தனிக் கதை. 2024இல் வந்த கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் 35 கிராம், அதில் பாதி வெள்ளி. வெள்ளி விலை காப்பாற்றும், ஆனால் அது செலவுக்கு வராதது, வாங்கிய எல்லோரும் பெட்டியோடு வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தவை செலவுக்கு வந்த சிறிய காசுகள்: 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர், 2009இல் அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய், அதில் அவர் கையெழுத்து தமிழில் இருக்கும், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 5 ரூபாய். தமிழர் இருக்கும்வரை இவற்றைத் தேடுகிறவர் இருப்பார்.

வைஷ்ணவ தேவி படம் போட்ட காசுக்குப் பத்து லட்சம் என்று வரும் விளம்பரங்களை நம்பவே வேண்டாம். முன்பணம் கேட்டால் ஏமாற்றுதான், 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது.

காசைக் கழுவாதீர்கள், புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் வேண்டாம். விளிம்பைப் பிடித்து எடுங்கள். மலிவான பிவிசி பிளாஸ்டிக் ஆல்பத்தில் போட்டால் சில வருடத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும், என்னுடைய செம்பு நிக்கல் காசு சில அப்படிப் போயிருக்கின்றன. காசை நடுவில் வைத்து மூடுகிற அட்டைச் சட்டம் போதும்.

எனக்கு உண்மையான கவலை ஒன்று உண்டு. போனை நீட்டிப் பணம் கொடுத்துப் பழகிய பிள்ளைகள் சில்லறையை எண்ணியே பார்ப்பதில்லை. நாற்பது வயதில் இந்தக் காசுகளை வாங்கப்போவது அவர்கள்தான், சின்ன வயதில் கையில் புரளாத ஒன்றை அவர்கள் ஏன் தேட வேண்டும்? அதனால் டப்பாவை மூடி வைக்காமல் மகளிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். என் தங்கை மகளுக்கு ஒரு பூதக்கண்ணாடியும் நான்கு கிண்ணமும் கொடுத்தேன், ஆலைக்கு ஒரு கிண்ணம். இப்போது மளிகைக் கடையில் அவளே காசு கொடுத்து மீதி வாங்கி வருகிறாள், நட்சத்திரக் கிண்ணம் இன்னும் பாதிகூட நிறையவில்லையாம்.