கட்டி போனால் போதாதா? பிறவி எதிர்ப்புசக்திக் குறைபாடு: கேள்வி-பதில்

கேள்வி: பிறவி எதிர்ப்புசக்திக் குறைபாடு உள்ள என் 7 வயது மகனுக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸால் நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. கீமோவில் கட்டி கரைந்துவிட்டது. இன்னும் எதற்கு ஸ்டெம்செல் மாற்று (ரத்தத்தை உருவாக்கும் மூலச்செல்களை இன்னொருவரிடமிருந்து எடுத்து ஏற்றுவது)?

பதில்: கரைந்தது கட்டிதான், அதை வளரவிட்ட மரபணுப் பழுது அப்படியே இருக்கிறது. பெரியவர்களில் பெரும்பாலோர் உடலில் இந்த வைரஸ் ஆயுள் முழுக்கத் தங்கியிருக்கும். அதை அடக்கி வைப்பவை டி செல்கள், என்கே செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். எக்ஸ்எல்பி என்ற பரம்பரை எதிர்ப்புசக்தி நோயிலும், சிடி27, சிடி70, ஐடிகே மரபணுக்கள் பழுதானாலும் இந்தக் காவல் தளர்ந்துவிடும். வைரஸ் புகுந்த பி செல்கள் (இன்னொரு வகை வெள்ளை அணுக்கள்) கட்டுக்கடங்காமல் பெருகும். அதனால் கட்டி மீண்டும் வரலாம். கட்டி அடங்கியிருக்கும் இப்போதுதான் மாற்று சிகிச்சைக்கு நல்ல நேரம். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மகனின் தங்கையின் எச்எல்ஏ (செல் கொடுப்பவரும் பெறுபவரும் பொருந்துகிறார்களா என்று காட்டும் திசு அடையாளம்) முழுதாகப் பொருந்துகிறது. அவள் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறாள். வேறு பரிசோதனை வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். உடன்பிறந்தவர் ஒருவர் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான் என்பதால், பொருந்தியதும் மற்றதெல்லாம் மறந்துவிடுகிறது. ஆனால் அதே பழுது அவளிடமும் வெளியே தெரியாமல் இருக்கலாம். மரபணுவைப் பார்த்த பிறகே செல் எடுக்க வேண்டும்.

வைரஸ் பரிசோதனையும் முக்கியம். பிறவியிலேயே எதிர்ப்புசக்தி இல்லாததால் அமெரிக்காவில் கிருமியில்லாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்ந்த டேவிட் வெட்டருக்கு 1983இல் அக்காவின் எலும்பு மஜ்ஜை ஏற்றப்பட்டது. அதில் உறங்கிக்கிடந்த எப்ஸ்டீன்-பார் வைரஸ் அவர் உடலில் புற்றுநோயாகப் பரவி, 1984 பிப்ரவரியில், 12 வயதில், உயிரைப் பறித்தது. அவரை நினைக்காமல் இந்தக் கேள்விக்கு என்னால் பதில் எழுத முடிவதில்லை. இன்று, மாற்றுக்குப் பிறகு ரத்தத்தில் வைரஸ் அளவைப் பிசிஆர் என்ற மரபணுப் பரிசோதனை மூலம் தொடர்ந்து பார்க்கிறோம். ஏறினால் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து கொடுத்து அந்த பி செல்களை அழிக்கிறோம். வைரஸ் இருக்கிறது என்பதற்காகவே தங்கையை ஒதுக்க வேண்டியதில்லை.

கேள்வி: எனக்கு உடம்பெல்லாம் எச்பிவி வைரஸால் வரும் மருக்கள். மாற்று செய்தால் போய்விடுமா?

பதில்: எந்த மரபணு என்பதைப் பொறுத்தது. எதிர்ப்புசக்திச் செல்களைப் பாதிக்கும் டாக்8 மரபணுக் குறைபாட்டில் பெரும்பாலும் மருக்கள் மெல்ல வாடி உதிரும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். எவர்1, எவர்2 மரபணுக்களில் பழுது என்றால் குறை தோல் செல்லிலேயே இருப்பதால், ரத்த ஸ்டெம்செல்லை மாற்றிப் பயனில்லை. வெயிலைத் தவிர்ப்பதும், தோல் மருத்துவரிடம் தவறாமல் காட்டுவதும்தான் வழி.

கேள்வி: மாற்று முடிந்ததும் தடுப்பூசி போடலாமா?

பதில்: எச்பிவி தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, மருத்துவர் சொல்லும் நேரத்தில் போடலாம். தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள், புதிய எதிர்ப்புசக்தி தேறிவிட்டது என்று உறுதியாகும்வரை கூடாது.