லிட்டில் இந்தியாவா சீமெயா: என் பதில்

வணக்கம் சகோதரரே. சிங்கப்பூரின் சாங்கி பிசினஸ் பார்க்கில் வேலை, மதுரையிலிருந்து மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள், தமிழர்கள் கூடும் லிட்டில் இந்தியாவில் வாடகை வீடு பார்ப்பதா, இல்லை சின்ன இடமான சீமெய் சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சரிப்படும். வேலையிடம் பக்கம், சாயங்காலம் பிள்ளைகளோடு இருக்கலாம்.

சீமெயில் மனைவிக்குப் பேச்சுத்துணை இருக்காதே என்ற உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அடுத்த ரயில் நிலையமே தெம்பனிஸ். அங்கே டௌன்டவுன் ரயில் பாதைக்கு மாறினால் லிட்டில் இந்தியாவுக்கு ஒரே ரயில். அங்குள்ள தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை, வாழைப்பூ, ஆட்டுக்கறி எல்லாம் வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் வீடு திரும்பிவிடலாம்.

எனக்குக் கவலை பள்ளிதான். வெளிநாட்டுப் பிள்ளைகள் தொடக்கநிலை 2 முதல் 5 வரை அரசுப் பள்ளிகளில் சேர ஏஇஐஎஸ் (AEIS) என்ற சேர்க்கைத் தேர்வு எழுத வேண்டும். தேறினாலும் காலியிடத்தைப் பொறுத்துத்தான் பள்ளி கிடைக்கும். எல்லாப் பள்ளியிலும் தமிழ் வகுப்பு கிடையாது, அதையும் விசாரியுங்கள். பள்ளி முடிவாகும் முன் இரண்டு வருட வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டை வாடகைக்கு எடுக்கக் குறைந்தது 6 மாதம் போதும், அதற்குச் சம்மதிக்கும் உரிமையாளராகப் பாருங்கள். அப்புறம், முழு வீடு எடுப்பதென்றால் அந்த புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடும் வீடுகளின் ஒதுக்கீடு மிச்சம் இருக்கிறதா என்று முகவரிடம் கேட்டுவிட்டே முன்பணம் கொடுங்கள்.