நடிப்பு ஓய்ந்த பிறகு? திருகோணமலைத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

மகள் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுக்க ஒற்றைக்காலில் நிற்கிறாள். தமிழ் மொழித் தினப் போட்டியில் பரிசு வாங்கியதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. வெளிநாட்டு மாமாவோ கணக்கியல் படிக்கச் சொல்கிறார். மாமா அங்கேயே இருக்கட்டும். "முப்பது வயதுக்குப் பிறகு யார் இவளை நடிக்கக் கூப்பிடுவார்கள்?" என்று நீங்கள் கேட்டிருப்பதுதான் கேள்வி.

மேசைக்கு மேலே அமெரிக்க மௌனப்பட நடிகை லூயிஸ் புரூக்ஸின் படத்தை ஒட்டி வைத்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நெற்றியை மறைக்கும் குட்டை முடிக்காக ஒட்டினாளோ என்னவோ, அந்த அம்மையாரின் தொழில் வாழ்க்கையை நீங்கள் இருவருமே அறிந்திருப்பது நல்லது.

1922இல், பதினைந்து வயதில், கன்சாஸை விட்டு நியூயோர்க்கின் நடனக் குழுவொன்றில் சேர்ந்தார். 1925இல் பரமவுண்ட் கம்பனியில் ஒப்பந்தம். 1928இல் பேசும் படங்கள் வந்துகொண்டிருந்த நேரம். சம்பளத்தைக் கூட்ட முடியாது என்றார்கள். ஒப்பந்தத்தை உதறிவிட்டு பெர்லினுக்குப் போய், பாப்ஸ்ட் இயக்கிய 'பண்டோராவின் பெட்டி'யில் நடித்தார். இன்று அவர் பெயர் நிலைப்பது அந்தப் படத்தால்தான். ஆனால் அன்று நடந்தது வேறு. முன்பு நடித்திருந்த மௌனப் படம் ஒன்றைப் பேசும் படமாக்கக் கம்பனி திரும்ப அழைத்தது, வர மறுத்தார். வேறொரு நடிகையின் குரலைச் சேர்த்துப் படத்தை முடித்தார்கள். அதன்பின் ஹொலிவூட்டில் பெரிய வாய்ப்புகள் வரவில்லை. கடைசிப் படம் வெளியான 1938இல் அவருக்கு முப்பத்திரண்டு வயதுகூட நிரம்பவில்லை.

1956இல் ரொச்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்குள்ள திரைப்பட அருங்காட்சியகத்தின் காப்பாளர் ஜேம்ஸ் கார்ட் தந்த ஊக்கத்தில் பழைய படங்களைப் பார்த்துக் கட்டுரைகள் எழுதினார். அவை 1982இல் நூலாக வந்து பெரும் பாராட்டைப் பெற்றன. ஊர் இதை மீண்டெழுந்த கதையாகச் சொல்லும். என் கண்ணில் படுவது 1938க்கும் 1956க்கும் இடையில் கிடக்கும் பதினெட்டு ஆண்டுகள். நடனப் பள்ளி, வானொலியில் சில்லறை வேலை, நியூயோர்க் கடையில் விற்பனைப் பெண். கையில் சான்றிதழ் எதுவும் இல்லை. சிறுவயதிலிருந்து விடாத வாசிப்பு மட்டும் இருந்தது. பிற்காலத்தில் எழுத வைத்தது அதுதான்.

ஆகவே மகளைத் தடுக்காதீர்கள். அந்த இடைக்காலத்துக்கு இப்போதே வழி செய்யுங்கள். நாடகமும் அரங்கியலும், தமிழ், மூன்றாவதாகப் புவியியல் அல்லது ஊடகக் கற்கை. எதைத் தெரிவு செய்தாலும் பாடசாலையில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இல்லாத ஆசிரியரை நம்பிப் பாடம் எடுத்துவிட்டு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியைக் குறை சொல்லிப் பயனில்லை.

நாடகத்தில் பட்டம் என்றால் மட்டக்களப்பு, கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அறிவித்தலைத் தவறவிட்டால் ஓராண்டு போய்விடும். மகளை வெளியூர் அனுப்பத் தயங்கினால், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நமது கோணேசபுரி வளாகத்தில் மொழி, தொடர்பாடல் சார்ந்த படிப்புகளைப் பாருங்கள். நடிப்பை மாலை நேர ஒத்திகையில் வளர்த்துக்கொள்ளலாம். நாடகம் பாடசாலைப் பாடமும் என்பதால் ஆசிரியத் தொழிலுக்கும் வழி உண்டு. நியமனம் எப்போது வரும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

இன்னொரு வேலையை இந்த வாரமே தொடங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் ஒரு பக்கம் எழுதட்டும்: எந்த வசனத்தில் சபை சிரித்தது, எங்கே தன் குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை, கூட நடித்தவள் எந்த இடத்தில் தடுமாறினாள். "நன்றாக நடித்தோம்" என்று எழுதினால் அந்தப் பக்கம் செல்லாது. சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் அதையும் அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு மகளுடன் வாருங்கள்.