டிரையர் கெட்டதா, சுவர் கெட்டதா?

ஐப்பசி பிறந்ததும் துணி காயவில்லை என்ற புலம்பலோடு டிரையர் புகாரும் சேர்ந்து வந்துவிடுகிறது. வந்தவற்றில் வயரிங் சம்பந்தப்பட்டதை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். 2,500 வாட் டிரையர் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளாஸ்டிக் கருகும் வாசனை. ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு பின் கறுத்து, அதைச் சுற்றி உருகியிருக்கிறது. எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) விழவே இல்லை. கம்பெனி ஆள் வந்து, "உங்கள் வீட்டு வயரிங்தான் கோளாறு, வாரன்டியில் வராது" என்று சொல்லி, டிரையரின் ப்ளக்கோடு சேர்ந்த வயரை மாற்ற 3,200 ரூபாய் கேட்கிறார். கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: உடனே கொடுக்காதீர்கள். அதற்காக அவர் பொய் சொல்கிறார் என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். எங்கே கருகியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

2,500 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 11 ஆம்பியர். சாக்கெட்டின் உள்ளே பின்னைப் பிடிக்கும் பித்தளைத் தகடு தளர்ந்து, அந்த இடத்தில் அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 11 × 11 × 0.5 என்றால் 60 வாட் வெப்பம், அந்த ஒரு புள்ளியில் மட்டும். ரேடியோ ரிப்பேர் கடையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அப்படி இரண்டுக்கு மேல் ஒரு ப்ளக்குக்குள் சொருகி ஒரு மணி நேரம் விட்டால் உருகாமல் என்ன செய்யும்? எம்சிபி ஏன் விழவில்லை என்றால், அது மொத்தக் கரண்ட்டை மட்டும்தான் கவனிக்கும். லூஸ் கான்டாக்ட்டால் கரண்ட் அதிகமாகாது, கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதனால் எம்சிபி கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது சாக்கெட்டைப் பாருங்கள். சாக்கெட்டின் ஓட்டையும் அதே பக்கத்தில் கறுத்து இளகியிருந்தால், தளர்ந்தது சுவர்ப் பக்கம். அது உங்கள் செலவு. சாக்கெட் சுத்தமாக இருந்து, ப்ளக்கின் உள்ளே, வயர் பின்னோடு சேரும் இடத்தில் உருகியிருந்தால் விஷயம் வேறு. கம்பெனி வயரோடு வார்த்துக் கொடுத்த ப்ளக்கின் உள் இணைப்பு சரியில்லை என்று பொருள். அது வாரன்டிக்குள் வர வேண்டியது. ஒரு பின் மட்டும் கருகினால் லூஸ் கான்டாக்ட். இரண்டும் ஒரே மாதிரி சூடேறியிருந்தால் வயரோ சாக்கெட்டோ அந்த லோடைத் தாங்கவில்லை. 6 ஆம்ப் சாக்கெட்டில் கன்வர்ட்டர் ப்ளக் போட்டிருந்தீர்களா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்திருந்தீர்களா என்பதை நீங்களே நேர்மையாக யோசித்துக்கொள்ளுங்கள்.

ப்ளக், சாக்கெட் இரண்டையும் பல கோணத்தில் போட்டோ எடுங்கள். "வயரிங் கோளாறு" என்று சொன்னவரிடம் அதை ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பலருக்குப் பேச்சு மாறும். மாற்றினால் பழைய வயரைக் கேட்டு வாங்கி வையுங்கள், அதுதான் சாட்சி. ஒத்துவராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 3,200 ரூபாய்க்குப் படியேறுவதா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

யார் செலவானாலும் அந்தச் சாக்கெட்டை இனி பயன்படுத்தாதீர்கள். புது ப்ளக்கைப் பழைய சாக்கெட்டில் சொருகினால் அடுத்த மாதம் இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் இருக்கிறோம். டிரையரை மழைக்காலத்தில் மட்டும்தான் போடுவோம். இந்த வருடம் போட்ட ஐந்தாவது நிமிடம் வீடு முழுக்க கரண்ட் போகிறது. எலக்ட்ரீஷியன், "ஈஎல்சிபி வீக், அதை பைபாஸ் பண்ணிடலாம்" என்கிறார். சர்வீஸ் சென்டரோ ஹீட்டர் மாற்ற வேண்டும் என்கிறது.

பதில்: எலக்ட்ரீஷியனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். நாம் ஈஎல்சிபி என்று சொல்லும் அந்த ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி வைக்கப்பட்ட உயிர்காப்பு. அதைப் பிடுங்கிவிட்டு டிரையரை ஓட்டக் கூடாது.

எப்போது விழுகிறது என்பதில்தான் துப்பு இருக்கிறது. சுவிட்ச் போடாமல் ப்ளக்கைச் சொருகியதுமே விழுந்தால், மெஷினுக்குள் நியூட்ரல் எங்கோ பாடியைத் தொடுகிறது. நம் சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் எப்போதும் இணைந்தே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். டிரம் சுற்றி, சூடேறும் நேரத்தில் விழுந்தால் ஹீட்டர் மேல் சந்தேகம். சூடில்லாமல் வெறும் காற்று விடும் புரோகிராம் இருந்தால் போட்டுப் பாருங்கள். அதில் விழாவிட்டால் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி.

ஆனால் ஹீட்டர் செத்துவிட்டது என்று அதற்குள் பணம் எண்ணாதீர்கள். குழாய் வடிவ ஹீட்டருக்குள் கம்பியைச் சுற்றி அடைத்திருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை இழுக்கும். ஒன்பது மாதம் சும்மா கிடந்த மெஷினில் இது நடக்கக்கூடியதுதான். உலர்த்தினால் சில ஹீட்டர்கள் பழையபடி ஆகிவிடும். 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்து, அளவைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்து, உலர்த்திய பிறகும் ஏறவில்லை என்றால் மாற்றுங்கள். மெக்கரே இல்லாமல் வந்து "ஹீட்டர் போச்சு" என்பவரிடம் பணம் கொடுக்க அவசரம் இல்லை. அடுத்த வருடத்திலிருந்து கோடையிலும் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டி வையுங்கள்.

கேள்வி: டிரையரின் கதவைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. டெஸ்டர் மங்கலாக எரிகிறது. ஆனால் நன்றாகத்தான் ஓடுகிறது.

பதில்: சாக்கெட்டில் எர்த் வேலை செய்யவில்லை. மெஷினுக்குள் இருக்கும் ஃபில்டர் மின்தேக்கிகள் வழியாகச் சிறு கசிவு எப்போதும் பாடிக்கு வரும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் நீங்கள் தொடக் காத்திருக்கும். இப்போது வருவது சுர் மட்டும்தான். நாளைக்கே ஹீட்டர் பாடியைத் தொட்டால் 230 வோல்ட். எர்த் சரியாகும்வரை ஓட்டாதீர்கள்.

சரிசெய்ய வருபவர் சாக்கெட்டிலேயே எர்த் பின்னை நியூட்ரலோடு ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டு "முடிந்தது சார்" என்பார். டெஸ்டரும் எரியாது. நியூட்ரல் எங்காவது அறுந்த அன்றைக்கு முழு மெஷினும் ஃபேஸ் ஆகிவிடும். அவர் கிளம்புமுன் சாக்கெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். டிரையர் சுற்றுகிறது, சூடே இல்லை. ரிப்பேருக்கு ஆள் வந்தாலே நூறு டாலருக்கு மேல் என்கிறாள். நம்மூர் அனுபவத்தில் ஏதாவது சொல்ல முடியுமா?

பதில்: நம்மூர் அனுபவம் அங்கே உதவாது, அங்கே வயரிங்கே வேறு. சுவருக்குள் இரண்டு 120 வோல்ட் லைன் வருகிறது. மோட்டாருக்கு ஒரு லைன் போதும். ஹீட்டருக்கு இரண்டும் சேர்ந்த 240 வேண்டும். ஒரு லைன் போய்விட்டால் டிரம் ஜோராகச் சுற்றும், துணி ஈரமாகவே இருக்கும். வீட்டின் பிரேக்கர் பெட்டியில் இருக்கும் 30 ஆம்ப் இரட்டை பிரேக்கரை முழுவதும் ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யச் சொல்லுங்கள். செலவில்லாத வைத்தியம், பல சமயம் பலிக்கும். பலிக்காவிட்டால் மெஷினின் பின்புறம் வயர் முடுக்கியிருக்கும் கட்டையில் ஒரு திருகு தளர்ந்து கருகியிருக்கலாம், அல்லது சூடு அளவு மீறினால் ஹீட்டரைத் துண்டிக்கும் தெர்மல் கட்ஆஃப் போயிருக்கலாம். பஞ்சு அடைத்து வெளிக்காற்றுக் குழாய் மூச்சுத் திணறினால் இந்தக் கட்ஆஃப் திரும்பத் திரும்பப் போகும். குழாயைச் சுத்தம் செய்யாமல் பாகத்தை மட்டும் மாற்றுவது வீண். 240 வோல்ட்டில் அவள் கை வைக்க வேண்டாம். வாடகை வீடாகவும் மெஷின் வீட்டுக்காரருடையதாகவும் இருந்தால், முதலில் அவருக்குத்தான் போன்.

இன்னொன்று: வீடு பழையதாக இருந்து மூன்று ஓட்டை சாக்கெட் என்றால், நியூட்ரலும் எர்த்தும் அங்கே ஒன்றுதான். 1996 முதல் அந்நாட்டு மின் விதிகள் புது இணைப்புகளுக்கு நான்கு கம்பி கேட்கின்றன. நான்கு பின் வயருக்கு மாறும்போது, மெஷினுக்குள் நியூட்ரலைப் பாடியோடு சேர்க்கும் பட்டையைக் கழற்ற வேண்டும் என்பதை மாற்றுபவரிடம் நினைவுபடுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: முப்பது வருட வீடு. வயரிங் மாற்ற இப்போது வசதியில்லை. டிரையர் வாங்கலாமா?

பதில்: ஹீட்டர் கம்பிக்குப் பதில் ஃப்ரிட்ஜ் போல கம்ப்ரசர் வைத்துச் சூடாக்கும் ஹீட் பம்ப் வகையைப் பாருங்கள். விலை அதிகம், துணி காய நேரமும் அதிகம். ஆனால் பெரும்பாலும் 1,000 வாட்டுக்குள் இழுக்கும், பழைய வயருக்கு அந்த அளவு சுமை இல்லை. எர்த் மட்டும் எந்த வகைக்கும் விலக்கில்லை. வாங்கிய முதல் வாரம், ஓடி முடிந்ததும் சுவிட்சை அணைத்து ப்ளக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை எடுக்கும்படி சுட்டால் கடைக்காரரை அழைக்குமுன் ஒரு வயர்மேனை அழையுங்கள்.