பாரை ஓடும்போது குமிழைத் திருகாதீர்கள்

கடலோரத் தூண்டில்: வாசகர் கேள்வி – பதில்

*6000 அளவு ஸ்பின்னிங் ரீல், 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு) வைத்திருக்கிறேன். தூண்டில் வளைவில் (கடலுக்குள் நீளும் கல் தடுப்பில்) நின்று லூர் (செயற்கை இரை) எறிவேன். பாரை அடித்தால் முதல் ஓட்டத்திலேயே அறுத்துக்கொண்டு போகிறது. டிராக்கைக் குறைத்தால் ஸ்பூல் காலியாகிறது. எவ்வளவுதான் வைக்க வேண்டும்?*
*– வாசகர், குளச்சல்*

டிராக் என்பது மீன் இழுக்கும்போது, நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலை இறுக்கத்தோடு சுழல விடும் பிடி. ரீலின் குமிழைத் திருகி அதைக் கூட்டலாம், குறைக்கலாம். விரலால் இழுத்துப் பார்த்து "இது போதும்" என்று முடிவு செய்கிறீர்கள் என்று நினைக்கிறோம். அங்கேதான் தப்பு நடக்கிறது. கை சொல்லும் கணக்கு ஒரு நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும். தராசு வைத்து அளந்துவிடுங்கள்.

மீன் நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று போதும். ஸ்பிரிங் தராசும் சரி, டிஜிட்டலும் சரி. ராடின் எல்லா வளையங்கள் வழியாகவும் நரம்பைக் கோத்து, நுனியைத் தராசின் கொக்கியில் கட்டுங்கள். தராசைத் தென்னையின் அடியில் கட்டிவிட்டு, மீனோடு நிற்பது போலவே ராடைச் சாய்வாகப் பிடித்துப் பின்னால் நகருங்கள். ஸ்பூல் நிற்காமல் சுற்றும்போது தராசு காட்டுகிற எடைதான் உங்கள் டிராக். நரம்புத் தாங்குதிறனில் கால் பங்கிலிருந்து 30 சதவீதம் வரை அது இருக்கலாம். 30 பவுண்டு என்பது சுமார் 13.6 கிலோ. ஆகவே 3.4 முதல் 4 கிலோ வரை. லீடரோ (நரம்பு நுனியில் சேர்த்துக் கட்டும் துண்டு) முடிச்சோ அதைவிடப் பலவீனமாக இருந்தால் கணக்கை அதிலிருந்து தொடங்குங்கள். நாலு கிலோ குறைவு என்று படுகிறவர்கள், 9 அடி ராடின் நுனியில் அந்தப் பாரத்தை ஐந்து நிமிடம் தாங்கிப் பார்க்கட்டும். ரீல் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 10, 12 கிலோ எல்லாம் குமிழை முழுக்க முறுக்கினால் வருகிற எண்.

அளக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்பூல் அசையத் தொடங்கும் நொடியில் தராசு முள் 5 கிலோவுக்கு எகிறி, பிறகு 4-க்கு இறங்கினால் டிராக் ஒட்டுகிறது. உப்புநீர் புகுந்த டிராக் வாஷர்களில் இது சகஜம். பாரை அடித்ததும் அறுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். வாஷர்களைக் கழற்றித் துடைத்து, டிராக்குக்கென்று விற்கிற கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். சைக்கிள் கிரீஸ் வேண்டாம். வீடு திரும்பியதும் குமிழை முறுக்கி வைத்துக்கொண்டு நல்ல தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய்விடும். காய்ந்த பிறகு குமிழைத் தளர்த்தி வைத்தால் வாஷர்கள் அழுந்திக் கெடாது.

இனி ஓட்டத்துக்கு வருவோம். நரம்பு போகப் போக ஸ்பூலில் சுற்றின் விட்டம் குறைகிறது. குமிழைத் தொடாமலே டிராக் கூடிக்கொண்டு போகும். 60 மில்லிமீட்டர் விட்டத்தில் 4 கிலோ வைத்தது 40 மில்லிமீட்டருக்கு இறங்கும்போது 6 கிலோ ஆகிவிடும். தண்ணீருக்குள் கிடக்கிற நீளமான நரம்பின் இழுவை வேறு. ஸ்பூல் காலியாகிறதே என்ற பதற்றத்தில் அந்த நேரத்தில் குமிழையும் முறுக்கினால் அறாமல் என்ன செய்யும்? முதல் ஓட்டத்தில் ராடு நுனியைக் கொஞ்சம் இறக்கி மீன் பக்கம் காட்டுங்கள். வளையங்களில் உரசும் பாரம் குறையும். கூடுதல் பிடி வேண்டுமென்றால் உள்ளங்கையை ஸ்பூலின் கீழ் விளிம்பில் மெல்ல அணையுங்கள். ஆபத்து என்றால் அதே நொடியில் கையை எடுத்துவிடலாம், குமிழில் அப்படி முடியாது. ஓடுகிற பிரெய்டை மட்டும் விரலால் தொடாதீர்கள், சதையை அறுத்துவிடும்.

அறுந்த நுனியைத் தூக்கிப் போடாமல் உற்றுப் பாருங்கள். பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது. நார் நாராகச் சிலும்பியிருந்தால் கல்லில் உரசியது. கத்தியால் வெட்டியது போல் நேராக இருந்தால் அடித்தது பெரும்பாலும் பாரையாக இருக்காது. சீலாவோ நெய்மீனோ பல்லால் வெட்டியிருக்கும். அவற்றுக்கு ஒரு சாண் நீளமாவது கம்பி லீடர் வேண்டும்.

*டிராக்கை முழுதாக முறுக்கியும் பிடி இல்லை. கைப்பிடி சுற்றுகிறது, நரம்பு ஏறவில்லை. ரீல் போய்விட்டதா?*
*– வாசகர், முட்டம்*

ரீலைக் குறை சொல்வதற்கு முன் ஸ்பூலைப் பாருங்கள். பிரெய்டை நேரடியாக ஸ்பூலில் கட்டியிருந்தால், மொத்தச் சுற்றும் வழுவழுப்பான உலோகத்தின் மேல் வழுக்கிச் சுழலும். பிரெய்டு முழுவதையும் உருவிவிட்டு, முதலில் 5 முதல் 10 மீட்டர் சாதாரணத் தங்கூசியை (ஒற்றை இழை நைலான் நரம்பை) இறுக்கமாகச் சுற்றி, அதன் மேல் பிரெய்டைக் கட்டுங்கள். சுற்றும்போது ஈரத் துணியால் நரம்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். தொளதொளவென்று சுற்றிய பிரெய்டு, பெரிய மீன் இழுக்கும்போது கீழ் அடுக்குக்குள் புதைந்து சட்டென்று நின்றுவிடும். விளிம்புக்குக் கீழே 2 மில்லிமீட்டர் இடம் விட்டால் போதும்.

*மீன் இழுக்க இழுக்க நானும் விடாமல் சுற்றுகிறேன். கரைக்கு வந்து பார்த்தால் நரம்பெல்லாம் முறுக்கேறிச் சுருண்டு கிடக்கிறது. சுவிவல் (சுழலும் இணைப்பு) போட்டும் தீரவில்லை.*
*– வாசகர், தேங்காய்ப்பட்டணம்*

நீங்கள் விடாமல் சுற்றுவதுதான் காரணம். ஸ்பின்னிங் ரீலில் ரோட்டர் ஸ்பூலைச் சுற்றி வந்து நரம்பைச் சுற்றுகிறது. டிராக் நழுவும்போது கைப்பிடியைத் திருப்பினால் ஒரு முழம் கூட ஏறாது. ரோட்டரின் ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் ஒரு முறுக்கு ஏறும், அவ்வளவுதான். 5.6:1 கியர் என்றால் கைப்பிடியை ஒரு தரம் திருப்பினாலே ஐந்தாறு முறுக்கு. முறுக்கு ஏறுவது ரீலில் என்பதால் சுவிவலால் அதைத் தடுக்க முடியாது. டிராக் நழுவும் சத்தம் நிற்கும்வரை கை சும்மா இருக்கட்டும்.

மீன் நின்றதும் வேலையை ராடுக்குக் கொடுங்கள். ராடைப் படுகிடையிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி வரை நிதானமாகத் தூக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம். பிறகு ராடை இறக்கிக்கொண்டே அதே வேகத்தில் சுற்றுங்கள். இறக்கும்போது ராடின் வளைவு முழுக்க நிமிர்ந்துவிடக் கூடாது. அந்த ஒரு கணத் தொய்வில்தான் தூண்டில் முள் கழன்று விழுகிறது. கனமான மீனுக்குப் பெரிய தூக்கலைவிட, ஓர் அடி அளவில் சின்னச் சின்னத் தூக்கல்கள் நல்லது. மூச்சு வாங்க அவகாசம் தராமல் தலையை நம் பக்கமே வைத்திருக்கும். மீன் இடப்பக்கம் போனால் ராடைத் தாழ்த்தி வலப்பக்கம் இழுங்கள், வலப்பக்கம் போனால் இடப்பக்கம். மேலே தூக்குவதைவிடப் பக்கவாட்டு இழுவைதான் மீனைத் திருப்பும்.

நரம்பு ரீலுக்குள் திரும்பும் இடத்தில் இருக்கும் சின்ன உருளையையும் ஒருமுறை விரலால் உருட்டிப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் படிந்து இறுகியிருந்தால், பாரத்தோடு ஓடும் பிரெய்டு அதில் உரசியே சிலும்பிவிடும்.

*மணக்குடிக் காயலில் கொடுவா மாட்டினால் மேலே எழும்பித் தலையை உதறி லூரைத் துப்பிவிடுகிறது. இல்லையென்றால் பாலத்துத் தூணைச் சுற்றுகிறது. என்ன செய்ய, அண்ணாச்சி?*
*– வாசகர், கீழமணக்குடி*

கொடுவா எழும்பப் போவதை நரம்பே காட்டிக்கொடுக்கும். தண்ணீருக்குள் சரிவாக இறங்கியிருக்கிற நரம்பு வேகமாக மேல்நோக்கி எழத் தொடங்கினால், உடனே ராடு நுனியைத் தண்ணீரில் படும் அளவுக்கு இறக்கிப் பக்கவாட்டில் இழுங்கள். பாதி நேரம் தலை மட்டும் வெளியே வந்து நின்றுவிடும். அதையும் மீறி முழுதாக எழும்பிவிட்டால் எதிர்த்து வெட்டி இழுக்காதீர்கள். நரம்பு தளராத அளவுக்கு ராடை மீனை நோக்கிக் கொஞ்சம் நீட்டிக் கொடுங்கள். லூரோடு வருகிற மும்முனை முள் மெல்லியதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். முனை நகத்தில் வழுக்காமல் பதிய வேண்டும்.

தூண் விஷயம் கடுமையானது. அங்கே ஒட்டியிருக்கும் சிப்பியிலும் கொட்டலசிலும் பட்டால் எந்த பிரெய்டும் நிற்காது. கொடுவாவின் செவுள் மூடியும் கூர்மையானது. 40 முதல் 60 பவுண்டுத் தங்கூசி லீடர் ஒன்றரை மீட்டர் இருக்கட்டும். தூணுக்கு நேர் எதிரே நிற்காமல், மாட்டிய மீனைத் திறந்த நீருக்கு இழுக்க வழியுள்ள பக்கமாக நில்லுங்கள். எறியும் முன்பே அதை முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் ஐந்து நொடியில் கொடுவாவின் தலையைத் திருப்பிவிட்டால் பிறகு அவசரமே இல்லை. கல்லிடுக்கில் புகும் கலவா மீனுக்கும் இதே கதைதான். அது பொந்துக்குள் போய்விட்டால் இழுத்து அறுக்காமல் நரம்பைத் தளர்த்திவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். தானாக வெளியே வருவதுண்டு. நரம்பு அசைவதைக் கண்டதும் இழுங்கள்.

*பிளஸ் டூ படிக்கும் என் மகன் நண்பர்களோடு கடியபட்டணம் பாறைக்கு மீன்பிடிக்கப் போகிறான். மீன் பக்கத்தில் வந்ததும் எல்லாரும் கீழே இறங்கிவிடுகிறார்களாம். பயமாக இருக்கிறது. எப்படி எடுப்பது என்று அவனுக்குப் புரியும்படி எழுதுங்கள்.*
*– ஒரு தாய்*

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. இதை அவனையே படிக்கச் சொல்லுங்கள்.

தம்பி, மீனை எங்கே எடுக்கப் போகிறாய் என்பதை முதல் எறிக்கு முன்பே முடிவு செய். பாறைக்கு வந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் ராடைத் தொடாமல் கடலைப் பார். சின்ன அலைகளுக்குப் பிறகு பெரிய அலைகள் கூட்டமாக வரும். அந்தப் பெரிய அலை எதுவரை நனைக்கிறதோ, அதற்கு மேலே உள்ள இடம்தான் உன் இடம். அங்கிருந்து எடுக்க முடியாத மீனை விட்டுவிட வேண்டியதுதான்.

கரைக்கு அருகில் வந்த மீன் நம்மைக் கண்டதும் கடைசியாக ஒரு ஓட்டம் ஓடும். அப்போது வெளியே இருப்பது சில மீட்டர் நரம்புதான். பிரெய்டு இழுபடாது, அதிர்ச்சி முழுவதும் முள்ளில் இறங்கும். அதனால் மீன் புரண்டு பக்கவாட்டில் படுத்ததும் குமிழைக் கால் சுற்றுத் தளர்த்து. சண்டை நடுவே குமிழைத் தொடலாம் என்றால் இங்கே மட்டும், அதுவும் தளர்த்துவதற்கு மட்டும். ராடைத் தலைக்குப் பின்னால் செங்குத்தாகத் தூக்காதே. பாரம் முழுவதும் நுனிக்குப் போய் ராடு ஒடியும். அலை ஏறும்போது மீனை அதோடு மேலே கொண்டு வா. அலை திரும்பும்போது இழுக்காதே, வேண்டுமானால் நரம்பைப் போக விடு. மணல் கரையிலும் இதுதான் முறை: வருகிற அலையில் பின்னால் நட, போகிற அலையில் நில்.

தண்ணீரில் 5 கிலோ மீனுக்கு எடையே தெரியாது. நரம்பைப் பிடித்து அந்தரத்தில் தூக்கினால் முழு எடையும் ஆட்டமும் சேர்ந்து வாய் கிழியும். நீளக் கைப்பிடி வலையைத் தண்ணீருக்குள் முதலிலேயே அமிழ்த்தி வைத்து, மீனைத் தலை முதலில் அதற்குள் நடத்து. வலையோடு மீனைத் துரத்தினால் லூரின் முள் வலையில் மாட்டும், மீன் போய்விடும். கூட நிற்பவன் லீடரைப் பிடிப்பதாக இருந்தால் கையுறை வேண்டும். கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

உயிர்காப்பு அங்கியும் பிடிப்புள்ள செருப்பும் இல்லாமல் பாறைக்குப் போகாதே. தனியாகவும் போகாதே. நம் கரையில் காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் கள்ளக்கடல், அதாவது சொல்லாமல் பொங்கி வரும் பேரலை, ஏறும். இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அதற்கு எச்சரிக்கை வெளியிடுகிறது. எச்சரிக்கை இருந்தால் அன்று தூண்டில் வீட்டிலேயே இருக்கட்டும். ஆனி, ஆடியில் அந்தப் பாறையே வேண்டாம்.

*ஏதோ மாட்டியது, கொஞ்ச தூரம் ஓடியது, பிறகு கல்லில் சிக்கியது போல் அசையவே இல்லை. ஆனால் இடையிடையே துடிக்கிறது.*
*– வாசகர், ராஜாக்கமங்கலம்துறை*

திருக்கையாக இருக்கும். உடலைத் தரையில் அப்பிக்கொண்டு படுத்துவிடும். நேர் மேலே இழுத்துப் பயனில்லை. கரையோரம் முப்பது நாற்பது அடி பக்கவாட்டில் நடந்து, கோணத்தை மாற்றி இழுங்கள். அசையாவிட்டால் நரம்பை விறைப்பாக வைத்து, ராடின் அடிப்பகுதியை விரலால் விடாமல் தட்டுங்கள். அந்த அதிர்வு பிடிக்காமல் எழுந்து நகரும். நகர்ந்ததும் மறுபடி படுக்க விடாமல் சின்னத் தூக்கல்களாகத் தொடருங்கள்.

கரையில் வாலுக்கு எட்டாத தூரத்தில் நில்லுங்கள். வைத்துக்கொள்ளாத மீன் என்றால் லீடரைத் தூண்டில் முள்ளுக்கு முடிந்தவரை பக்கத்தில் வெட்டி விட்டுவிடலாம். வால் முள் குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் காயத்தை அமிழ்த்தி வைத்தால் வலி அடங்கும். குத்துப்பட்ட இடம் மரத்துப்போயிருக்கலாம் என்பதால் சூட்டை அடிபடாத கையால் பாருங்கள். உள்ளே முள் துண்டு ஒடிந்திருக்க வாய்ப்பு அதிகம், மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்காமல், வெந்நீருக்கும் காத்திராமல், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.